நெட் 90-ம் தாண்டிக்குடி காப்பியும்

ஊரில் யாராவது "பெங்களூர்ல என்ன வேலை பாக்குற பாப்பா?" என்று கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். நான் பார்ப்பது அக்கவுண்ட்ஸ் பேயபிள். பெல்லந்தூர் பக்கம் ரிங் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் 7-ஆம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, உலகம் பூராவும் எங்கள் கம்பெனிக்குப் பொருள் கொடுத்தவர்களுக்கு எப்போது பணம் போக வேண்டும் என்று பார்க்கிற வேலை. இன்னும் சரியாகச் சொன்னால் எவ்வளவு தாமதமாகப் போகலாம் என்று பார்க்கிற வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். உங்கள் வீட்டு பாத்ரூமில் அவர்கள் தயாரித்த ஏதாவது ஒன்று இருக்கும், அவ்வளவு பெரிய கம்பெனி.

எங்கள் அகராதியில் "நெட் 90" என்று ஒன்று உண்டு. பில் வந்து 90 நாள் கழித்துப் பணம். நான் சேர்ந்தபோது நெட் 60 ஆக இருந்தது, ஒரு நாள் மேலிடத்திலிருந்து மெயில் வந்தது, 90 ஆகிவிட்டது. குவார்ட்டர் முடியும் சமயம் அந்த 90-ம் ஒரு வாரம் பத்து நாள் நழுவும், கணக்கில் கையிருப்பு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அதற்கு நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு பெட்டியில் டிக் அடிப்பதுதான். ஓசூரிலிருந்து அட்டைப்பெட்டி சப்ளை செய்கிற ஒருவர் என் பெயரைப் பார்த்துத் தமிழ் என்று கண்டுபிடித்து வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்வார். "மேடம், நாளைக்கு லேபர் பேமென்ட் இருக்கு மேடம்." நான் "சிஸ்டத்துல இருக்கு சார், ரிலீஸ் ஆயிடும்" என்பேன். சிஸ்டம் என்றால் நான்தான்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஓசூர்காரர் அல்ல, என் தாய்மாமா.

மாமாவுக்குத் தாண்டிக்குடியில் மூன்று ஏக்கர். கீழ்ப் பழனி மலை, வத்தலக்குண்டு வழியாகப் பட்டிவீரன்பட்டி தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் வரும். அரபிக்கா காப்பி, அதற்கு நிழலாக சில்வர் ஓக், அதில் ஏற்றிய மிளகு, நடுவில் மலை வாழை, நாலைந்து பட்டர் ஃப்ரூட் மரம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் எடுப்பார்கள். ஆனால் மாமாவுக்குப் பணம் தேவைப்படுவது ஜூனில். பள்ளிக்கூடம் திறக்கும், மழைக்கு முன் உரம் வைக்க வேண்டும், கவாத்துக் கூலி. கையில் எதுவும் இருக்காது. அப்போது வியாபாரி வருவார், அட்வான்ஸ் கொடுப்பார், அன்றைக்கே விலையும் பேசிவிடுவார். வட்டி கிடையாது என்பார். ரொம்ப நல்ல மனுஷன் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

2024 ஜூனில் மாமா அப்படித்தான் பார்ச்மென்ட் (பழத்தோல் உரித்துக் காயவைத்த, உள்தோல் நீக்காத கொட்டை) 50 கிலோ மூட்டை 14,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு ஒத்துக்கொண்டு அட்வான்ஸ் வாங்கினார். அப்புறம் நடந்தது காப்பி குடிக்கிற எல்லோருக்கும் தெரியும். பிரேசிலில் வறட்சி, வியட்நாமில் விளைச்சல் சரியில்லை, நியூயார்க் சந்தையில் அரபிக்கா விலை ஏறிக்கொண்டே போய் 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதற்கு முன் வரலாற்றில் இல்லாத விலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அட்வான்ஸ் வாங்காதவர், மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், மூட்டை 25,000-க்கு மேல் விற்றார். அதே மண், அதே மழை, வேலிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். மாமா பேசிய விலைக்கே போட்டார். போதாததற்கு ஈரப்பதம் கூட இருக்கிறது என்று மூட்டைக்குக் கொஞ்சம் கழித்தார்கள். "வாக்கு குடுத்தாச்சுல்ல" என்றார் மாமா. அவர் சொன்ன தொனியில் கோபமே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அன்று இரவு நான் ஒரு கணக்குப் போட்டேன், தொழில்புத்தி. அந்த அட்வான்ஸுக்கு அவர் கொடுத்த வட்டி எவ்வளவு? மூட்டைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் போனது. கந்து வட்டிக்காரர்கூட இவ்வளவு எடுக்கமாட்டார். வியாபாரியைத் திட்டவும் முடியவில்லை, விலை இறங்கியிருந்தால் நஷ்டம் அவர் தலையில்தானே என்பார்கள். ஆனால் விலை இறங்கிய வருஷங்களில் அவர் பேசிய விலைக்கே எடுத்தாரா என்று மாமாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "அப்பல்லாம் ஏதாச்சும் கொறை சொல்லிக் கழிச்சிருவாங்க பாப்பா" என்றார். ஏறினால் ஒப்பந்தம், இறங்கினால் ஈரப்பதம்.

நியாய வணிகம், ஃபேர்டிரேடு (சிறு விவசாயிக்கு நியாயமாகக் கொடுத்து வாங்கிய பொருள் என்று முத்திரை குத்தி விற்பது) என்று நாம் பேசும்போது உடனே விலையைத்தான் பேசுகிறோம். எனக்கும் அப்படித்தான் பழக்கம். அந்த அடையாளத்தின் கதையே காப்பியில்தான் தொடங்குகிறது: 1988-இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவெலார் என்ற பெயரில் முதல் முத்திரை வந்தது, மெக்சிகோவின் ஒஹாக்கா மலையில் இருந்த சிறு விவசாயிகளின் சங்கத்துக் காப்பிக்கு. அடுத்த வருஷமே, 1989 ஜூலையில், உலகக் காப்பி ஒப்பந்தத்தின் கோட்டா முறை உடைந்தது. 1962-லிருந்து, நடுவில் சில வருஷங்கள் தவிர, எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு போட்டு விலையைத் தாங்கிப் பிடித்திருந்த முறை. அது போனதும் விலை ராட்டினம் மாதிரி ஆடியது. 2001 கடைசியில் நியூயார்க் விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே. அப்போது நியாய வணிகத்தில் விற்க முடிந்தவர்களுக்கு 1 டாலர் 21 சென்ட், அதற்கு மேல் சங்கத்துக்கு 5 சென்ட். யோசித்துப் பாருங்கள், இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் குறைந்தபட்ச விலை பல குடும்பங்களைக் காப்பாற்றியது, அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

2023 ஆகஸ்டிலிருந்து அரபிக்காவுக்கு அந்தத் தரைவிலை 1 டாலர் 80 சென்ட், அதோடு சங்கத்துக்குப் பொதுவாக 20 சென்ட். சரி, சந்தை 4 டாலருக்குப் போனபோது 1.80 தரைவிலை யாருக்கு வேண்டும்? மாமா மாதிரி ஆட்களுக்கு 2025-இல் அது இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் அந்த விதிப் புத்தகத்தில் யாரும் போஸ்டர் அடிக்காத ஒரு விதி இருக்கிறது. விவசாயிகளின் சங்கம் கேட்டால், வாங்குகிறவர் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை முன்பணமாகத் தர வேண்டும். உலக நியாய வணிக அமைப்பின் பத்துக் கொள்கைகளிலும் இதே விஷயம் வருகிறது: கைவினைப் பொருள் என்றால் கேட்டால் பாதிப் பணம் வட்டியில்லாமல் முன்னாலேயே, உணவுப் பொருள் என்றால் பாதிப் பணம் நியாயமான வட்டியோடு. குழந்தைத் தொழிலாளர் கூடாது, ஆண் பெண் சமக் கூலி, சுற்றுச்சூழல் என்று மற்றதெல்லாம் பெரிய எழுத்தில் பேசப்படும். இது மட்டும் ஒரு வரியில் ஒளிந்திருக்கும். நான் பேயபிள்ஸில் இருப்பதால் என் கண்ணுக்கு இதுதான் பட்டது. ஏனென்றால் வணிகத்தில் யார் பெரியவர் என்பது யார் காத்திருக்கிறார்கள் என்பதில்தான் தெரியும்.

தமிழ் ஆட்களுக்கு அட்வான்ஸ் புதிய சங்கதியும் அல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் பிடித்த காலத்தில் வழிச்செலவும் அரிசியும் முன்பணம்தான். அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதின துண்டுச் சீட்டு ஒன்று உண்டு. கடனை அடைக்க ஒத்துக்கொள்கிற வேறு தோட்டத்துக்குத்தான் ஆள் போக முடியும். ஆளை விற்கவில்லை, ஆளின் கடனைக் கைமாற்றினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1921-இல் அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆக முன்பணம் என்பதே நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதில் விலையைக் கட்டிவிடுகிறார்களா, காலைக் கட்டிவிடுகிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.

தாத்தா காலத்தில் வேறு மாதிரி. 1940களில் தொடங்கி, காப்பியை எல்லோரும் அரசாங்கத்தின் காப்பி போர்டு வைத்திருந்த பொதுக் குவியலில்தான் போட வேண்டும், பூல் என்பார்கள். போர்டு ஏலம் விட்டு, கொஞ்சம் முதலில் கொடுத்து, மீதியை விற்க விற்கத் தவணையாகக் கொடுக்கும். அம்மா இன்னும் சொல்வாள், "பூல் பணம் வந்தா செய்யலாம்" என்று தள்ளிப்போட்ட விசேஷங்களை. 1990களில் அந்த முறையைத் தளர்த்தி 1996-இல் முழுக்க எடுத்துவிட்டார்கள். பெரிய தோட்டக்காரர்களுக்குக் கொண்டாட்டம், நேராக வெளிநாட்டுக்கு விற்கலாம். தாத்தாவுக்கும் முதல் இரண்டு மூன்று வருஷம் கொண்டாட்டம்தான். பூலில் விலை பற்றிய பயம் குறைவு, பணம் தாமதம். சந்தையில் பணம் உடனே, விலை யார் கையிலோ. இரண்டும் சேர்ந்து கிடைத்த வருஷம் ஒன்றைக்கூட எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

போன மாதம் சர்ச் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் என் தோழியோடு இதைப் பற்றித்தான் வாக்குவாதம். (அந்த இடம் எனக்குப் பிடிக்கக் காரணம் தோசை அல்ல. 1950களில் காப்பி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூட ஆரம்பித்தபோது, வேலை போன சிப்பந்திகளே கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் உந்துதலில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து எடுத்து நடத்தினார்கள், அதில் முதல் சங்கம் 1957 ஆகஸ்டில் பெங்களூரில்தான்.) தோழி இந்திராநகரில் புதிதாக வந்திருக்கும் கடைகளின் ரசிகை. அங்கே பையின் மேல் தோட்டத்தின் பெயர், கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், எந்த ரகம், ஆரஞ்சுத் தோல் வாசனை, எல்லாம் எழுதியிருக்கும். "இதைவிட என்ன வெளிப்படைத்தன்மை வேணும் உனக்கு?" என்றாள். இரண்டு வரி இல்லை என்றேன். விவசாயிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை நாளில் கொடுத்தீர்கள்.

நாப்கினில் கணக்கும் போட்டோம். ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தால் 830 கிராம் சுமார் நிற்கும், ஒரு கோப்பைக்குப் பத்து கிராம் என்றால் 80 கோப்பைக்கு மேல். கோப்பை 250 ரூபாய், ஆக 20,000. விவசாயிக்குக் கிலோவுக்கு 500 கிடைத்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் கோப்பைக்கு 6 ரூபாய். அவள் சொன்னதும் சரிதான், இந்திராநகர் வாடகை, பால், மெஷின், பையன்களின் சம்பளம் எல்லாம் அந்த 244-இல் இருக்கிறது. நான் கேட்பது அந்த 6-ஐ 60 ஆக்கு என்று அல்ல. அந்த 6-ஐ ஜூனில் கொடு என்று. கடை நடத்த வங்கிக் கடன் வாங்க முடிகிறவர் காத்திருக்கலாம், மூன்று ஏக்கர்காரர் காத்திருக்க முடியாது. ஊரில் சொல்வது மாதிரி, பசிச்சவனுக்குப் பந்தி எப்ப என்பதுதான் கேள்வி, என்ன பதார்த்தம் என்பது அப்புறம்.

முத்திரையே தீர்வு என்று நான் சொல்லவில்லை. காப்பியில் அதைச் சங்கமாகச் சேர்ந்த சிறு விவசாயிகளுக்குத்தான் தருகிறார்கள், தனி ஆளுக்கு இல்லை. மாமா ஊரில் நாலு பேர் சேர்ந்து கோவில் கமிட்டி நடத்துவதே தலைவலி. சான்றிதழ் செலவு, ஆடிட், ரெஜிஸ்டர் எழுத ஒரு ஆள். எல்லாம் செய்தாலும் விளைந்ததில் ஒரு பகுதியைத்தான் அந்த விலைக்கு எடுத்துக்கொள்ள வாடிக்கையாளர் கிடைப்பார், மீதி பழைய சந்தைக்கே போகும். விலை ஏறும் வருஷத்தில் இன்னொரு வேடிக்கை, உறுப்பினர்களே சங்கத்தை விட்டுவிட்டு வெளியே விற்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

துணித்தொழிலில் இது இன்னும் அப்பட்டம். மைசூர் ரோடு, பொம்மனஹள்ளி, பீன்யா என்று இந்த ஊரில் காலை எட்டு மணிக்கு டெம்போ டெம்போவாகப் பெண்கள் போய் இறங்குகிற கார்மென்ட்ஸ் எல்லாம் வெளிநாட்டு ஆர்டர். துணி, நூல், பட்டன் வாங்குவது தொழிற்சாலையின் பணம், கூலி தொழிற்சாலையின் பணம், சரக்கு கப்பல் ஏறி மாதக்கணக்கு கழித்துத்தான் பிராண்டின் பணம். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் பிராண்டுகள் செய்த முதல் காரியம் ஆர்டரை ரத்து செய்தது, தைத்து முடித்த சரக்கையும் சேர்த்து. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ரத்து அல்லது நிறுத்திவைப்பு என்று அங்கத்திய ஏற்றுமதியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. சத்தம் போட்டபின் பல பேர் பணம் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சத்தம் போட்டபின். அதற்கு ஏழு வருஷம் முன்னால் அதே வங்கதேசத்தில் கார்மென்ட்ஸ் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தபோது கட்டடம், தீயணைப்பு பற்றியெல்லாம் ஒப்பந்தம் வந்தது, நல்லது, வரவேண்டியதுதான். எப்போது பணம் தருவாய் என்பதை மட்டும் அப்போதும் யாரும் ஆடிட் செய்யவில்லை. வருஷா வருஷம் ஆடிட்டர் வந்து தொழிற்சாலையின் கழிவறைக் கதவை எண்ணுகிறார், பிராண்டின் பேயபிள்ஸை எண்ண யாரும் ரிங் ரோட்டுக்கு வருவதில்லை. வந்தால் என் மேஜைக்குத்தான் வர வேண்டும்.

சட்டத்தால் முடியாதா என்றால், முடிகிறது. நம் நாட்டில் 2006-லிருந்து சட்டம் இருக்கிறது, பதிவு செய்த சிறு, குறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், மீறினால் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. பல வருஷம் அதை யாரும் மதிக்கவில்லை, எந்தச் சின்ன சப்ளையர் பெரிய வாடிக்கையாளர் மேல் புகார் கொடுப்பார்? அப்புறம் 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவைச் சேர்த்தார்கள். காலத்துக்குள் கொடுக்காத தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. 2024 மார்ச்சில் எங்கள் ஆஃபீஸைப் பார்த்திருக்க வேண்டுமே! தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகர் மாதிரி. யார் யார் பதிவு பெற்றவர்கள் என்று வெண்டார் லிஸ்டைக் கிளறிக் கிளறி ராத்திரி பதினொரு மணி வரை பணம் அனுப்பினோம். ஓசூர்காரருக்கு 38-ஆவது நாள் பணம் போனது. அவர் போன் செய்து "தப்பா வந்துருக்கா மேடம்?" என்று கேட்டார்.

எங்கள் வெளிநாட்டு சப்ளையர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர்களுக்கு இன்றும் நெட் 90தான். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் உணவு, விளைபொருள் வணிகத்துக்கு ஒரு விதி கொண்டுவந்தது: கெட்டுப்போகும் பொருளுக்கு 30 நாள், மற்றதற்கு 60 நாளுக்குள் பணம், கெட்டுப்போகும் பொருளின் ஆர்டரைக் கடைசி நேரத்தில் ரத்து செய்யக்கூடாது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து விற்பவருக்கும் அது பொருந்தும். துணிக்கு அப்படி ஒன்று இல்லை. ஏன் இல்லை என்று கேட்க வேண்டியவர்கள் நம் ஏற்றுமதியாளர்கள், அவர்களோ கேட்டால் ஆர்டர் வியட்நாமுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சீக்கிரம் பணம் வேண்டும் என்கிற சப்ளையருக்கு எங்களிடம் ஒரு திட்டம் உண்டு. 10-ஆவது நாளே கொடுத்துவிடுவோம், பில்லில் 2 சதவீதம் குறைத்துக்கொண்டு. எங்கள் டீம் அதை "வெண்டார் நலத்திட்டம்" என்கிறது. அதாவது அவர் பணத்தை அவருக்கே 80 நாள் முன்னால் கொடுப்பதற்கு வருஷத்துக்கு 9 சதவீதத்துக்கு மேல் வட்டி எடுக்கிறோம். போன வருஷம் அதை அதிகம் பேருக்கு விற்றதற்காக எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். டிவி பக்கத்தில் இருக்கிறது.

2025 ஜூனில் போனஸ் வந்ததும் மாமாவுக்கு ஒரு தொகை அனுப்பினேன். விலை பேசாதீர்கள், யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள், பழம் எடுத்துக் காயப்போட்டு, எப்போது தோன்றுகிறதோ அப்போது விற்றுவிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மாமா நோட்டில் எழுதிக்கொண்டார், வட்டி எவ்வளவு என்று மூன்று தடவை கேட்டார். அத்தை போனை வாங்கி, "கல்யாணத்துக்குச் சேத்த காசா இது?" என்று கேட்டாள். இதை எல்லா விவசாயிக்கும் ரிங் ரோட்டில் வேலை பார்க்கிற மருமகள் செய்ய முடியாது, தெரியும். அது சங்கமோ வங்கியோ வாங்குகிறவரோ செய்ய வேண்டிய வேலை.

இந்த ஜனவரியில் மாமா பாதியை விற்றார். நல்ல விலை, பேச்சில் ஒரு மிதப்பு தெரிந்தது. முதல் தடவையாக இரண்டு வியாபாரிகளிடம் விலை கேட்டாராம், பட்டிவீரன்பட்டிக்கே சாம்பிளை எடுத்துக்கொண்டு போனாராம், ஒருவரை வேண்டாம் என்று சொன்னாராம். அந்த "வேண்டாம்" கதையை மட்டும் பத்து நிமிஷம் சொன்னார். நான் கேட்டேன், "மாமா, பழம் எடுக்கிறவங்களுக்குக் கூலி ஏத்துனீங்களா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதெல்லாம் உங்க அத்தை டிபார்ட்மென்ட்" என்று போனைக் கொடுத்துவிட்டார்.

"ஏத்தாம இருப்போமா, கிலோவுக்கு ரெண்டு ரூவா கூட்டிருக்கேன்" என்றாள் அத்தை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அவளே சொன்னாள். "ஆனா இந்த வாரம் சனிக்கிழமை குடுக்க முடியல. மேல ஏடிஎம்ல காசு இல்ல, உங்க மாமாவுக்குக் கீழ இறங்க நேரமில்ல. திங்கக்கிழமை தாரேன்னு சொல்லிருக்கேன். ஒண்ணும் சொல்லல அதுங்க, பாவம்."